நாலு முனையும் நடுவுக்கு

பூப்போட்ட பக்கம் தரையைப் பார்த்துக் கிடக்கணும், வெள்ளைப் பக்கம் நம்மைப் பார்க்கணும், இந்த ஒன்றை மட்டும் மறந்துவிட்டால் அவ்வளவு பாடும் பட்டு மடித்த பிறகு பூவெல்லாம் கிண்ணத்துக்குள்ளே போய் ஒளிந்துகொள்ளும், வெளியே மொட்டை வெள்ளையாக நிற்கும், எழுபத்து மூன்றாவது கிண்ணத்தை அப்படித்தான் மடித்து வைத்திருந்தாள் பாண்டிச்செல்வி, தூக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ‘அடியே, புத்திய எங்கடி வச்சிருந்த’ என்று தன்னையே வைதுகொண்டு அதை மகள் பக்கமாகத் தள்ளிவிட்டாள், கவிநிலா எழுந்தால் அதில் இட்லி சுடுவாள், இல்லாவிட்டால் தொப்பியாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வாள், இப்போதைக்கு மின்விசிறிக்கு நேர் கீழே சட்டை ஏறிக் கிடக்கத் தூங்குகிறாள், சோறு தின்ற வயிறு ஏறி ஏறி இறங்குகிறது, இவள் எழுவதற்குள் நூற்றியொன்றையும் முடித்தாகணும், நாளைக்குக் காலையில் சாத்தூரில் அன்னலட்சுமி அக்காவுக்கு வளைகாப்பு, அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, ஓரகத்தி, புருஷன் மாரிக்கண்ணனுடைய அண்ணன் பெண்டாட்டி, கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் ஏழாம் மாதம், வருகிற பெண்களுக்கெல்லாம் இரண்டு வளையலும் ஒரு குங்குமப் பொட்டலமும் நாலு கல்கண்டும் போட்டுக் கொடுக்கத்தான் இந்தத் தாள் கிண்ணம், ‘நான் மடிச்சுக் கொண்டாரேங்க்கா’ என்று செல்வியேதான் போனில் வலியப் போய்ச் சொன்னாள், அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை, பிறகு ‘சரி, கொண்டா’ என்றாள் அக்கா, அந்த ஒரு மூச்சு நேரம் இந்தப் பத்து நாளாகச் செல்வியின் காதுக்குள்ளேயே கிடக்கிறது, குளிக்கும்போது காதில் போன தண்ணீர் மாதிரி, தலையைச் சாய்த்துத் தட்டினாலும் வெளியே வரமாட்டேன் என்கிறது.

அடுத்த தாள். குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ஒரு மடிப்பு, பிரித்தால் நடுவில் ஒரு கூட்டல் குறி, நாலு முனையையும் அந்தக் கூட்டல் குறிக்குக் கொண்டுவரணும், முனையும் முனையும் முட்டணும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, ஏறினால் கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து குடிகாரன் மாதிரி நிற்கும். தாளெல்லாம் மாரிக்கண்ணன் வேலை பார்க்கிற அச்சாபீஸில் கழித்துப்போட்டவை, பரிசுப்பொருள் சுற்றுகிற தாள், கலர் ஒரு நூல் தள்ளி விழுந்துவிட்டதாம், அச்சடித்த மாங்காய் ஓர் இடத்தில் இருக்கிறது, அதன் சிவப்பு பக்கத்தில் தனியாக நிற்கிறது, மாங்காய்க்கு நிழல் விழுந்த மாதிரி. ‘இதுவும் அழகாத்தானே இருக்கு, எதுக்கு இதக் கழிக்காங்க’ என்று கேட்டதற்கு, ‘உன்ன மாதிரி ஆளா கடையில வந்து வாங்குவாங்க’ என்றான் அவன். மடிப்பை நகத்தால் இழுத்துவிட்டு, கரண்டியின் முதுகால் ஒரு தேய். இந்தக் கரண்டி யோசனை அக்காவுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால், அக்காவும் கூடவே குடியிருந்தபோது, இதே வீட்டில், இதே பாயில், போனைச் சொம்பில் சாய்த்து வைத்து இரண்டு பேரும் மடிக்கப் படித்தார்கள், ஜப்பான்காரி ஒருத்தி, முகம் காட்டவில்லை, பேச்சு இல்லை, கை மட்டும்தான், ‘ஏ செல்வி, நகத்தப் பாரு, அழுக்கே இல்ல, இவ வீட்டுல பாத்திரம் யாரு விளக்குவா’ என்றாள் அக்கா, செல்விக்கு அப்போது ஏழாம் மாதம், சிரித்தால் வயிறு இழுத்துப் பிடிக்கும், ‘சிரிக்க வைக்காதிங்கக்கா, பிள்ள இப்பமே வந்துரும்’ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிறு முட்டிக்கொண்டு குனிய முடியாததால் செல்வி தாளைச் சதுரமாக வெட்டிக் கொடுத்தாள், மடித்ததெல்லாம் அக்காதான். நூற்றியொரு கிண்ணம், ஆறு மத்தியானம். ஒன்றுகூடச் சாயவில்லை. செல்வியின் வளைகாப்புக்கு வந்த அத்தனை பெண்களும் அக்கா மடித்த கிண்ணத்தில்தான் வளையலை வாங்கிக்கொண்டு போனார்கள், வாங்கிக்கொண்டு போனவர்களில் முக்கால்வாசிப்பேர் செல்வி கையில் வளையல் போட்டுவிட்டுத்தான் போனார்கள், அக்கா மட்டும், சரி விடு, முனையைப் பார், முனை ஏறிவிட்டது, பிரி.

பிரித்தாலும் அந்த வரி போகாது. தாளுக்கு அதுதான் குணம். திரும்ப மடிக்கலாம், சரியான இடத்தில் மடிக்கலாம், தப்பாக மடித்த வரி பக்கத்திலேயே மெல்லிசாகக் கிடக்கும், உற்றுப் பார்க்கிறவளுக்குத் தெரியும், அக்கா உற்றுப் பார்க்கிறவள். நாளைக்கு இந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பார்ப்பாள், ‘அவசரப்பட்டிருக்க’ என்பாள், அல்லது ஒன்றுமே சொல்லமாட்டாள். சொல்லாவிட்டால்தான் பயம். நாற்காலியில் அக்கா இருப்பாள், கன்னத்தில் சந்தனம், இரண்டு கையும் முழங்காலின் மேல், செல்வி வளையலை எடுத்துக்கொண்டு குனிவாள், அக்காவின் கை முந்தானைக்குள் போய்விட்டால். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க. போட்டோக்காரன் பார்த்துக்கொண்டிருக்க. ‘கொஞ்சம் நகருங்கக்கா’ என்று அவன் சொன்னால். செல்வியின் வளைகாப்பன்றைக்கு அக்காவிடம் அப்படித்தான் சொன்னான். அன்றைக்கு முதலில் செல்வியின் அம்மா போட்டாள், பிறகு பெரியம்மா, பிறகு ஊரிலிருந்து வந்த இரண்டு சித்திகள், கண்ணாடி வளையல் ஒன்றோடு ஒன்று உரசிச் சலசலவென்று முழங்கை வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது, வீடு கொள்ளாத கூட்டம், பின்பக்கம் யாரோ தயிர்ச்சோற்றில் உப்பே இல்லை என்று சத்தம் போட, பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அக்கா வளையலோடு வந்து குனிந்தாள், பச்சை வளையல், பொன் பொட்டு வைத்தது, இவளுக்கென்று தனியாகத் தேடி வாங்கியது, ‘நீட்டு தாயி’ என்றாள். செல்வியின் வலது கை முந்தானைக்குள் போனது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை, கை மட்டும் போனது. ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லாதவள் கை. அக்காவின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் ஒரு தடவை கீழே போய்விட்டு வந்தது, பக்கத்திலிருந்த தாள் கிண்ணம் ஒன்றை எடுத்து அதில் வளையலைப் போட்டாள், ‘கை மரத்துப்போச்சு போல, பெறகு போட்டுக்க’ என்று கிண்ணத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அத்தை பார்த்த பார்வை அப்படி. அத்தை பார்த்தாள், அதனால்தான் கை உள்ளே போனது. மாமியார் முறைத்தால் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி என்ன செய்வாள்? அத்தை கதவோரம் நின்றுகொண்டு, கதவோரமா, கதவோரம் செருப்பு குவிந்து கிடந்தது, சித்தி பையன்தான் அங்கே நின்றான், அத்தை குத்துவிளக்குப் பக்கம் நின்று பார்த்தாள், விளக்குப் பக்கம் போட்டோக்காரனின் லைட்டு அல்லவா நின்றது, அப்படியென்றால் பின்னால், செல்விக்குப் பின்னால் நின்றிருப்பாள், பின்னால் நின்றவளின் பார்வை முன்னால் எப்படித் தெரிந்தது. எழுபத்தொன்பது. எண்பது.

செல்வி அப்படிப்பட்டவள் இல்லை, அதுதான் வேடிக்கை. பூனை குறுக்கே போனால் ‘அதுக்கு என்ன அவசரமோ’ என்று நடப்பவள், கிரகணத்தன்று வெளியே போகாதே என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘நிலாவுக்கு என் வீட்டு அட்ரஸ் தெரியுமாக்கா’ என்று கேட்டவள், பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் ஊர்ப்பள்ளிக்கூடத்தில் படித்த படிப்புக்கு அந்த அளவு துணிச்சல் இருந்தது, வாய்க்கு இருந்தது, கைக்கு இல்லை. மறுநாள் காலையில் துவைக்கிற கல்லில் அக்கா சந்தனக்கறை ஏறிய சேலையைக் கசக்கிக்கொண்டிருந்தாள், செல்வியின் சேலைதான், செல்வி பக்கத்தில் போய் நின்று, யாரும் கேட்காமலே, ‘அத்த பாத்துச்சுக்கா, அதான்’ என்றாள். அக்கா நிமிரவில்லை. ‘சரி விடு’ என்று சேலையைத் திருப்பிப் போட்டாள். அந்த மாதக் கடைசியில் அவள் புருஷன் வேலை பார்க்கிற மில்லுக்குப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் சாத்தூருக்கு வீடு மாறிப் போனார்கள். கவிநிலா பிறந்து பதினாறாம் நாள் அக்கா வந்தாள், வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தாள், பிள்ளையைத் தூக்கவில்லை, ‘தூங்குற பிள்ளைய எதுக்கு எழுப்பணும்’ என்றாள். பிள்ளை முழித்துக்கொண்டுதான் இருந்தது, கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு அக்காவையேதான் பார்த்தது.

‘ஏ தாயி, இதுல ரெண்டு கிண்ணம் கொடு, பூ வைக்க’ என்று அத்தை உள்ளே வந்தாள், முந்தானையில் கட்டிய மல்லிகைப் பந்து, ஈர வாசனை அவளுக்கு முன்னால் வந்து பாயில் உட்கார்ந்தது. ‘எண்ணி மடிக்கேன் அத்த, ரெண்ட எடுத்தா ரெண்டு பொம்பள வெறுங்கையோட போவா’ என்றாள் செல்வி. ‘பேச்சப் பாரு. ஈரத்துணியிலயே சுத்தி வைக்கேன் போ.’ போகாமல் நின்றாள். பூப்பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். ‘நாளைக்கு நான் வரணுமாடி?’ ‘இதென்ன கேள்வி, மூத்த மருமக வளைகாப்புக்கு நீங்க வராம.’ ‘ஒப்புக்குத்தான கூப்பிட்டா. மூணு வருசமா சாப்ட்டிங்களா அத்த, மாத்திர போட்டிங்களா அத்த, அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது. மூத்தவனும் அப்படித்தான் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியுதான். நான் என்னடி செஞ்சேன் அவளுக்கு?’ செல்வி கரண்டியால் தேய்த்தாள், தேய்த்த இடத்தையே தேய்த்தாள். ‘எனக்கு ஒண்ணுதான் தோணுது’ என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி, ‘உன் வளைகாப்பன்னிக்குத் தயிர்ச்சோறு அவதான கிண்டுனா. நான் பின்னால அண்டாகிட்ட நின்னு வாயில போட்டுப் பாத்துட்டு, உப்பே இல்ல எவ கிண்டுனதுன்னு ஊரே கேக்கக் கத்திட்டேன். உள்ள அத்தன பொம்பளயும் சிரிச்சாளுக. பாவம், அத மனசுல வச்சுக்கிட்டா போல. இருபது வயசுப் பிள்ளைக மாதிரி நான் கத்தியிருக்கக் கூடாதுதான். நாளைக்கு அவகிட்ட, உப்பு சரியாத்தான் இருந்துச்சு தாயின்னு சொல்லிரவா?’ செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அத்தை கேலிக்குச் சொல்லவில்லை. மூன்று வருஷமாக யோசித்து யோசித்து, தான் செய்த குற்றம் என்று அந்த உப்பைத்தான் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ‘போங்க அத்த, பூ வாடிரும்’ என்றாள் செல்வி.

யாரோ இல்லை. உப்பே இல்லை என்று பின்பக்கம் சத்தம் போட்டது யாரோ இல்லை. அத்தையின் குரல்தான், அந்தக் குரலுக்குத்தான் பெண்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அக்கா குனிந்தாள், அத்தை அண்டாவோடு புழக்கடையில் நிற்கிறாள், நடுவில் ஒரு சுவர், ஒரு சமையற்கட்டு, எழுபது எண்பது பெண்கள். கதவோரம் இல்லை, விளக்கோரம் இல்லை, பின்னால் இல்லை. இத்தனை நாளும் அத்தையைப் பிடித்துப் பிடித்து அந்தக் கூடத்துக்குள் நிறுத்திப் பார்த்தாள், நிறுத்துகிற இடத்திலெல்லாம் வேறு யாராவது நின்றார்கள், அதற்குக் காரணம் இவ்வளவுதானா. யாரும் பார்க்கவில்லை. செல்வி பார்த்தது பச்சை வளையலைத்தான், வளையலைப் பிடித்திருந்த விரலைத்தான், செல்விக்காக நூற்றியொரு கிண்ணம் மடித்துத் தோல் தேய்ந்து பளபளத்த விரல், அதைப் பார்த்ததும் வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரள் புரண்டது, அந்தப் புரளலுக்குப் பயந்து கை தானாகப் போனது. தானாக என்ன தானாக. அவள் கைதானே. பொய்யும் அவள் வாய்தானே, கல்லில் நின்று யாரும் கேட்காமலே சொன்ன பொய். அதைச் சொல்லும்போது அது பொய் என்று தெரியவில்லை என்பதுகூட நிசமா, இல்லை அதுவும் இப்போது மடிக்கிற மடிப்பா.

எழுந்து பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில் அந்தக் கிண்ணம், நீலத் தாள், வெள்ளைக் கொடி ஓடியது, மூன்று வருஷமாகச் சேலைக்கு அடியில் கிடந்தும் ஓரம் நசுங்கவில்லை, அக்கா மடித்தது அல்லவா. உள்ளே பச்சை வளையல். ஒரு தடவைகூடப் போட்டதில்லை, போடவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. இப்போது விரல்களைக் குவித்து ஏற்றிப் பார்த்தாள், நாலு விரலும் போயின, கட்டைவிரல் முட்டியில் வந்து நின்றுவிட்டது. சோப்புப் போட்டுப் பார்க்கலாம். சோப்புக்கும் ஏறாது, பார்த்தாலே தெரிகிறது, பிள்ளை பெற்ற பிறகு எலும்பே அகன்றுவிட்டது, அன்றைக்கு நீட்டியிருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். பக்கத்து அறையில் அத்தை ஈரத்துணியை உதறுகிற சத்தம். போய்ச் சொல்லிவிடலாமா, அத்தை, உப்பெல்லாம் இல்லை, நான்தான். சொன்னால் அத்தை என்ன செய்வாள், திட்டுவாள், ஒரு நாள் சாப்பிடமாட்டாள், அது பரவாயில்லை. ஆனால் முதலில் சொல்லவேண்டியது அவளிடம் இல்லை. போன் அடித்தது. பிள்ளை முழித்துவிடுமே என்று பாய்ந்து எடுத்தாள், அன்னம் அக்கா என்று திரையில் எழுதியிருந்தது.

‘என்ன பிள்ள, எத்தன முடிஞ்சுச்சு?’

‘எண்பத்தாறுக்கா. ஒண்ணு உள்பக்கம் வெளிய வந்துருச்சு.’

‘நீ மடிச்சா ஒண்ணாவது வரலன்னாத்தான் அதிசயம்’ என்று அக்கா சிரித்தாள், மூச்சு வாங்கிச் சிரித்தாள், ஏழாம் மாதச் சிரிப்பு. ‘நேரத்தோட வந்துரு. எங்கம்மா கேட்டுச்சு, ஓரகத்தி வளையல் போடுவாளான்னு. எங்கம்மா பழச எல்லாம் மறக்காது பாத்துக்கோ. நான்தான் சொன்னேன், போடாம என்ன, அன்னைக்கு அவ மாமியா மொறச்ச மொறப்புல அந்தப் பிள்ள பாவம் என்ன செய்யும்னு.’

இங்கே ஒரு ‘ஆமாக்கா’ போதும். பேச்சு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். நாளைக்கு வளையல் போடலாம், போட்டோ எடுக்கலாம், அத்தை உப்பு சரியாக இருந்தது தாயி என்று சொல்லிவிட்டு வருவாள். செல்வி கையிலிருந்த வளையலைப் பார்த்தாள்.

‘அக்கா, அத்த அங்க இல்ல.’

‘எங்க இல்ல?’

‘அன்னைக்கு. நீங்க வளையலோட வந்தப்ப. அத்த பின்னால அண்டாகிட்ட நின்னுச்சு. யாரும் மொறைக்கல. நானாத்தான் கைய எடுத்தேன். கல்லுகிட்ட வந்து சொன்னது பொய்.’

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. இன்னொன்று விட்டது. யாரோ ‘அன்னம், வெத்தல எத்தன கவுளி’ என்று கேட்டார்கள்.

‘தெரியும்’ என்றாள் அக்கா. ‘எனக்குத் தெரியாதாடி? நான்தான உன் முன்னால நின்னேன். தயிர்ச்சோறு கிண்டுனதே நான், உப்பில்லைன்னு அத்த கத்துனது என் காதுல விழாமலா போகும். நீ வந்து அத்தன்னு சொன்ன. சரி, அத்தையாவே இருக்கட்டும்னு அது மேல போட்டு வச்சேன். வயசான பொம்பள, தாங்கும். உம்மேல போட்டா நான் தாங்கணும்ல.’ குரலைத் தணித்துக்கொண்டாள். ‘இப்ப எதுக்குடி சொன்ன?’

செல்விக்கு எதற்கென்று தெரியவில்லை, தன் பாரம் இறங்கட்டும் என்றா, அத்தைக்காகவா, இறங்கிய மாதிரியும் இல்லை, இத்தனை வருஷம் அக்கா கெட்டியாக மடித்து வைத்திருந்த ஒன்றைத் தான் பிரித்துவிட்ட மாதிரித்தான் இருந்தது, அதுவும் நாளைக்கு வளைகாப்பை வைத்துக்கொண்டு.

‘அந்த வளையல என்ன செஞ்ச?’

‘இருக்குக்கா. அதே கிண்ணத்துல. ஏற மாட்டேங்குது.’

‘ஏறாது. பிள்ள பெத்த கை. கொண்டா, நான் ஏத்துறேன்.’ பிறகு, ‘உடைஞ்சா உடையுது’ என்றாள். வளைகாப்பு வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொன்னாள். ‘அத்தைய முன் சீட்டுல உக்காரவச்சுக் கூட்டிட்டு வா, அதுக்குப் பஸ்ஸுல தல சுத்தும். அதுகிட்ட நீ ஒண்ணும் சொல்லிக்கிடாத. நான் பேசிக்கிடுதேன்.’ போன் நின்றது. கோபமா, இல்லையா, செல்வி அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று தெரியவில்லை.

பதினைந்து தாள் பாக்கி. உட்கார்ந்தாள். பூப்போட்ட பக்கம் தரைக்கு. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, நாலு முனையும் நடுவுக்கு, அவசரமில்லாமல், முனையும் முனையும் முட்ட. மடியில் பச்சை வளையல் கிடந்தது. ‘அம்மா’ என்று பக்கத்தில் சத்தம், கவிநிலா எழுந்துவிட்டாள், கன்னத்தில் பாயின் வரி, வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வந்தாள், மடியில் பளபளத்ததைப் பார்த்துவிட்டாள், ‘எனக்கு’ என்று கையை நீட்டினாள். செல்வியின் கை வளையலை அள்ளிக்கொண்டு முந்தானைக்குள் போனது. எவ்வளவு வேகம். யோசிப்பதற்கு முன்னால், வாய் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், அதே கை, அதே வழி. பிள்ளையின் கை நீட்டியபடியே நின்றது, கண் மட்டும் ஒரு தடவை கீழே போய்விட்டு வந்தது. செல்வி மெல்லக் கையை வெளியே எடுத்தாள், விரலைப் பிரித்துக் காட்டினாள்.

‘பெரியம்மாது’ என்றாள். ‘நாளைக்குப் பெரியம்மா அம்மாவுக்குப் போட்டுவிடுவா.’

போடுவாளா என்று பிள்ளை கேட்கவில்லை.